ஒரு தந்தியும் ஒரு வீடியோ காலும்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. ஆபீசில் ஆணி அதிகம் என்று சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம், இதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மீதியை எழுத முடியாது. சம்பந்தப்பட்ட தம்பியிடம் போன வாரம் போனில் கேட்டேன். "எழுதுங்க சார், பேரும் பேங்க் பேரும் மட்டும் வேண்டாம்" என்றான். கொஞ்சம் நீளமாக வரும். காபியோடு உட்காருங்கள்.

முதலில் சரித்திரம். பி.காம். படித்தவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று தங்கமணி கேட்டாயிற்று. லக்னோவில் நாலு வருடம் குப்பை கொட்டியதில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

1918. முதல் உலகப் போர் முடிகிற வருடம். ஜூன் 10-ம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் காவலுக்கு இருந்த ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மலேரியா இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அந்த முதல் அலை லேசாக வந்து போய்விட்டது. செப்டம்பரில் மறுபடி வந்தது. அக்டோபர் 6-ம் தேதி பம்பாய் நகரத்தில் மட்டும் ஒரே நாளில் 768 சாவு. போரிலிருந்து கப்பலில் திரும்பிய சிப்பாய்கள், அவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிய ரயில், அந்த வருடம் பொய்த்த மழை, ஏறிப்போன தானிய விலை எல்லாம் சேர்ந்துகொண்டன. இந்தியாவில் இறந்தவர்கள் 1.2 கோடியிலிருந்து 1.8 கோடி வரை என்று கணக்குப் போடுகிறார்கள். பம்பாய், மத்திய மாகாணங்கள் அளவுக்கு நம் சென்னை மாகாணம் அடிவாங்கவில்லை. அதனால்தானோ என்னவோ நம் வீடுகளில் தாத்தா பாட்டி சொன்ன கதைகளில் இந்தக் காய்ச்சல் அதிகம் வருவதில்லை. 1911-ல் சுமார் 25.2 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை 1921-ல் 25.1 கோடி. நம் சென்சஸ் சரித்திரத்தில் ஜனத்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது வயது. சாதாரணக் காய்ச்சல் குழந்தைகளையும் கிழவர்களையும் கொண்டுபோகும். இது 20-லிருந்து 40 வரை இருந்தவர்களைப் பொறுக்கி எடுத்தது. பெண்கள் இன்னும் அதிகம். வீட்டில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, மிச்சமிருந்தால் தான் குடித்து, கடைசியில் படுத்தவள் அவள்தானே. ஆக ஒரு வீட்டில் யார் மிஞ்சினார்கள்? கிழடுகளும் குழந்தைகளும், நடுவில் எப்படியோ தப்பித்த ஒன்றிரண்டு இளவட்டங்களும். அந்த இளவட்டங்களின் மனசு என்ன பாடுபட்டது என்று சுகாதார அதிகாரிகளின் அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது. அதற்கென்று அவர்கள் பாரத்தில் காலம் கிடையாது. (நம் பேங்க் பாரம் மட்டும் என்ன வாழ்ந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.) ராஞ்சியில் பெரிய மனநல மருத்துவமனை ஒன்று இருக்கிறதே, அது திறந்தது அதே 1918 மே மாதம் 17-ம் தேதி. ஆனால் அன்றைக்கு அது ஐரோப்பியர்களுக்கு மட்டும்.

அப்படித் தப்பித்த இளவட்டங்களில் ஒருவர், தான் பட்டதைப் பிற்பாடு எழுதி வைத்தார். சூர்யகாந்த் திரிபாதி. 'நிராலா' என்றால்தான் தெரியும். இந்திப் புதுக்கவிதையின் பெரிய பெயர்களில் ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் பள்ளிக்கூடம் போன யாரிடம் கேட்டாலும் பாடத்தில் படித்தோம் என்பார்கள்.

நிராலாவின் கதை நம் மாதிரி ஆட்களுக்குச் சட்டென்று பிடித்துப்போகும். அவர் அப்பாவுக்குச் சொந்த ஊர் உன்னாவ் மாவட்டத்தில் கடாகோலா கிராமம். பிழைப்புக்குப் போனது வங்காளத்தில் மகிஷாதல் சமஸ்தானம். பையன் அங்கேயே பிறந்து வளர்ந்தான். வாயைத் திறந்தால் வங்காளிதான். தாய்மொழி சுமார். நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக்கூட்டுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோமே, அதே கேஸ். கல்யாணம் ஆன பெண் மனோகரா தேவி, ரேபரேலி மாவட்டத்தில் கங்கைக் கரையில் இருக்கும் டல்மவ் ஊர்க்காரி. நன்றாகப் பாடுவார். அவரிடம் இந்தியில் தோற்றுப்போன ரோஷத்தில்தான் இவர் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு இந்தியை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். அந்த ரோஷம் இல்லாவிட்டால் இந்திக்கு ஒரு கவிஞர் குறைந்திருப்பார். தங்கமணிகள் இதை நோட் பண்ணிக்கொள்ளலாம்.

1918-ல் இவருக்கு 22 வயது. இருப்பது வங்காளத்தில். மனைவி பிறந்த வீட்டில். தந்தி வருகிறது, மனைவி நிலைமை மோசம், கடைசியாகப் பார்க்க வா என்று. கிளம்பி வந்து சேர்ந்தால், கங்கையில் தண்ணீர் தெரியாமல் பிணங்கள். எரிக்க விறகும் இல்லை, ஆளும் இல்லை. மாமனார் வீட்டில் மனைவி இல்லை, முடிந்துவிட்டது. அங்கிருந்து சொந்த ஊருக்குப் போனால், வழியிலேயே பெரியண்ணன் முறையாகும் உறவினரின் பிணம் எதிரே வருகிறது. வீட்டில் அண்ணி படுத்த படுக்கை, சில நாளில் அவரும் போனார். அண்ணியின் கைக்குழந்தை போனது, சித்தப்பா போனார். மிச்சம் இருந்தது அண்ணன் பிள்ளைகள் நாலு, தன் பிள்ளைகள் இரண்டு. அதில் பெரியவனுக்கு 15 வயது, இவருடைய மகள் சரோஜுக்கு ஒரு வயது சுமார். ஆறு பிள்ளைகளும் இந்த 22 வயதுக்காரன் கையில்.

இதையெல்லாம் அவர் எழுதியது 'குல்லி பாட்' என்கிற சின்னப் புத்தகத்தில். வெளிவந்தது 1939-ல், இருபது வருடம் கழித்து. அந்த இருபது வருடத்தில் கல்கத்தாவில் பத்திரிகை வேலை பார்த்தார், கவிதைத் தொகுப்புகள் போட்டார், யாப்பை உடைத்து எழுதித் திட்டு வாங்கினார். இந்தக் காய்ச்சல் கதையை உரைநடையில் உட்கார்ந்து எழுத அவ்வளவு நாள் பிடித்தது. அதையும் தன் கதையாக எழுதவில்லை. டல்மவ்வில் இருந்த குல்லி என்கிற சிநேகிதரின் கதையாகத்தான் எழுதினார். ஏன் குல்லி என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இன்னொருவர். காந்தியின் மூத்த மகன் ஹரிலால். அவரும் பிழைப்புக்காகக் கல்கத்தா போனவர். 1918-ல் 30 வயது. அவர் மனைவி குலாப் இதே காய்ச்சலில் இறந்தார். அப்பாவோடு தகராறு அதற்கும் பல வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது, ஆகவே எல்லாவற்றையும் காய்ச்சல் தலையில் கட்ட முடியாது. ஆனால் அதன்பிறகு அவர் நிமிரவே இல்லை. குடி, கடன், ஊர் ஊராக அலைச்சல். பிள்ளைகளை உறவுக்காரர்கள் வளர்த்தார்கள். 1948 ஜூனில் பம்பாயில் இறந்தார். அப்பா சுடப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

நிராலா திடமானவர், ஹரிலால் பலவீனமானவர் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் முடித்திருப்பேன். எனக்கு இப்போது அந்தத் தைரியம் இல்லை. காரணம் கீழே.

2021-க்கு வருகிறேன். லக்னோவில் எங்கள் கிளைக்கு முந்தைய வருடக் கடைசியில் ஒரு தமிழ்ப் பையன் பி.ஓ.வாக வந்து சேர்ந்தான். 24 வயது. சங்கரன்கோவில் பக்கம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதி வந்தவன். நானோ கரூர்ப்பக்கம். லக்னோவில் தமிழ் பேசும் ஆள் கிளையிலேயே கிடைத்தால் விடுவோமா? ஞாயிற்றுக்கிழமை ஆனால் தங்கமணி, "அந்தத் தம்பியச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்பாள். வந்தால் 'அக்கா அக்கா' என்று சமையல்கட்டு வரை போய்ப் பேசிக்கொண்டிருப்பான்.

ஏப்ரல் நடுவில் இரண்டாவது அலை லக்னோவைப் பிடித்தது. அதைப்பற்றி நான் விவரிக்கப் போவதில்லை, வடக்கே இருந்த எல்லோரும் பார்த்ததுதான். கிளை பாதி ஆட்களோடு மதியம் 2 மணி வரை ஓடியது. தம்பிக்குப் பாசிட்டிவ் வந்தது. வாடகை அறையில் தனியாகக் கிடந்தான். நாங்கள் ரசம் சாதம் கட்டி வாசலில் வைத்துவிட்டு வருவோம். நாலாவது நாள் ஊரிலிருந்து போன். அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் பாசிட்டிவ், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. அப்பா பிழைத்தார். மே இரண்டாவது வாரம் அம்மா இறந்துவிட்டார். 46 வயது. பாசிட்டிவோடு இருப்பவன் எந்த விமானத்தில் ஏறுவது? தங்கச்சி போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, வீடியோ காலில் பார்த்தான். மொத்தம் பத்து நிமிஷமாம். நடுவில் இரண்டு தடவை சிக்னல் போயிருக்கிறது.

அந்த வாரம்தான் பக்சர், காஜிப்பூர் பக்கம் கங்கையில் பிணங்கள் மிதந்தது, உன்னாவ் பக்கம் மணலில் புதைத்தது எல்லாம் செய்தியில் வந்தது. நிராலாவின் கடாகோலா அதே உன்னாவ் மாவட்டம்தான். 103 வருடம் கழித்து அதே ஆறு. அப்போது எனக்கு நிராலாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பதினேழு நாள் கழித்துப் பையன் வேலைக்கு வந்தான். முகம் சின்னதாகியிருந்தது, அவ்வளவுதான். அழவில்லை, லீவு கேட்கவில்லை, கேஷ் ஒரு ரூபாய் உதைக்காமல் டேலி ஆனது. இங்கிருந்தவர்கள், "லடுக்கா லோஹா ஹை" என்றார்கள். இரும்பாம். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தைரியமா இருக்கணும்ப்பா. தங்கச்சி இருக்கு, அப்பா இருக்கார். வேலையில மனச வையி, தானா சரியாகும்" என்றேன். சரி சார் என்றான். வருடாந்தர மதிப்பீட்டில் அவனைப் பற்றி, எந்த நெருக்கடியிலும் நிலைகுலையாதவர் என்று எழுதினேன். நல்ல மார்க்கும் போட்டேன்.

அதோடு நிற்கவில்லை. அந்த ஜூன், ஜூலையில் பேங்க் கிளைகளில் கூட்டம் எதற்கு இருந்தது என்று தெரியுமா? இறந்தவர்களின் கணக்கை முடிப்பதற்கு. கையில் பாஸ்புக், டெத் சர்டிபிகேட், ஆதார் நகல். 330 ரூபாய் பிரீமியத்தில் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு எடுத்திருந்தவர்களின் இரண்டு லட்சம் கேட்டு 22, 23 வயதுப் பெண்கள் மாமனாரோடு வந்து நிற்பார்கள். கையெழுத்து எங்கே போடுவது என்றுகூடத் தெரியாது. கத்தாமல், பொறுமையாகப் பேசுகிற ஆள் அந்த சீட்டுக்கு வேண்டும். தம்பிதான் பொறுமைசாலி. அவனை அங்கே உட்கார வைத்தேன்.

அம்மாவை இழந்து ஒரு மாதம் ஆன பையனை, தினம் முப்பது சாவுச் சான்றிதழ் பார்க்கிற சீட்டில் உட்கார வைத்தவன் நான்தான். கிளைக்கு நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. வட்டார ஆபீசிலிருந்து பாராட்டுக்கூட வந்தது.

அக்டோபரில் ஒரு கிளைம் பாரத்தில் தப்பு கண்டுபிடித்தேன். இறந்த தேதி என்கிற இடத்தில் சான்றிதழில் இருப்பது ஒன்று, இவன் கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பது ஒன்று. திருத்தச் சொன்னேன். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்து மூன்றாவது. சத்தம் போட்டேன். "பணம் சம்பந்தப்பட்ட விஷயம், கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பாக்க வேண்டாமா?" என்று ஹாலிலேயே கேட்டேன், நாலு பேர் பார்க்க. தலையைக் குனிந்துகொண்டு திருத்தினான். மூன்று பாரத்திலும் தப்பாக இருந்த தேதி ஒரே தேதி என்பது என் கண்ணில் பட்டது. ஏதோ முந்தைய என்ட்ரியைக் காப்பி செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருடம் செக்கிங் பார்த்த கண்!

நவம்பரில் எங்கள் கிளையின் கார்டு என்னிடம் வந்தார். பட்டாளத்தில் இருந்து ரிடையர் ஆனவர், ஐம்பதைத் தாண்டியவர், ரேபரேலிப் பக்கத்து கிராமம். துப்பாக்கியைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாத ஆள். "சாப், லடுக்கா டீக் நஹீ ஹை" என்றார். பையன் சரியாக இல்லை என்று. கிளை மூடியதும் கோமதி ஆற்றங்கரைச் சுவரில் போய் உட்கார்கிறானாம், ராத்திரி பத்து மணி வரை. மூன்று வாரமாக இவர் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, அவனை அறையில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாராம். இவர் வீடு ஊரின் மறுபக்கம். "என்ன பேசுவீங்க?" என்று கேட்டேன். ஒன்றும் பேசுவதில்லை, கடலை சாப்பிடுவோம் என்றார்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்தத் தேதி ஞாபகம் வந்தது. தங்கமணியிடம் கேட்டேன், தம்பி அம்மா என்றைக்குத் தவறினார்கள் என்று. அவள் காலண்டரில் குறித்து வைத்திருந்தாள். அதேதான்.

மறுநாள் அவன் சீட்டை மாற்றினேன். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போனேன். போவதற்கு முன் அவன் அப்பாவிடம் போனில் சொன்னபோது, "வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணு குடுப்பாங்களா சார்?" என்று அழுதார். டாக்டர் இளம் பெண். மாத்திரை கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். என்ன வியாதி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தூக்கம் முதலில் திரும்பியது. அப்புறம் பசி. ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வத்தக்குழம்பு அம்மா வைப்பது மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தட்டை வைத்துவிட்டு அழுதான். ஆறு மாதம் கழித்து. தங்கமணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் டிவியை அணைத்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான்.

கார்டுதான் நிராலாவைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படித்தது. அவர் மகளுடைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பேங்கில் பிரபோத், பிரவீண், பிராக்யா என்று இந்திப் பரீட்சைகள் உண்டு. பிராக்யா வரை பாஸ் செய்தும் அந்தச் சின்னப் புத்தகத்தை முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

இப்போது குல்லியைச் சொல்ல வேண்டும். டல்மவ்வில் குல்லிக்கு நல்ல பேர் கிடையாது. கல்யாணமான புதிதில் நிராலா ஊருக்கு வந்து அவருடைய எக்கா வண்டியில் ஏறி வந்ததற்கே மாமியார் வீட்டில் கலவரமாகியிருக்கிறது, அந்த ஆளோடு என்ன சகவாசம் என்று. பிற்பாடு குல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கட்டிக்கொண்டார், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர் இறந்தபோது கருமம் செய்து வைக்கப் புரோகிதர் கிடைக்காமல் நிராலாவே அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

1918-ல் மனைவி செத்து, வீடு செத்து, 22 வயது நிராலா டல்மவ்வில் 'அவதூத் டீலா' என்கிற மேட்டில் போய் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாராம். கீழே கங்கை வளைகிற இடம். பிணங்கள் அங்கே வந்து ஒதுங்கிக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அங்கே அவரைத் தேடிக்கொண்டு வந்தவர் குல்லி. வீட்டுப் பெரியவர்கள் இல்லை, ஊர்ப் பெரிய மனிதர்கள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மனோகராவைப் பற்றிப் பேசினார். இறந்தவளைப் பற்றிப் பேசாதே, ஞாபகப்படுத்தாதே என்று நாம் நினைப்போம் அல்லவா? அவர் நேரே அவளைப் பற்றித்தான் பேசினார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கார்டும் கடலையும் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. நான் சொன்ன 'தைரியமா இரு' எந்தப் பக்கத்திலும் இல்லை.

நிராலா தேறிவிட்டார் என்று கதையை முடித்துவிடவும் முடியாது. டல்மவ்வில் பாட்டி வீட்டில் வளர்ந்த அந்த ஒரு வயது சரோஜ், 1935-ல் பதினெட்டு வயது முடிந்த சமயத்தில் இறந்துபோனாள். அவளுக்காக அவர் எழுதிய 'சரோஜ் ஸ்மிருதி' என்கிற நீண்ட கவிதையை இந்தியின் மிகச் சிறந்த இரங்கல் கவிதை என்கிறார்கள். கடைசி வருடங்களில் அலகாபாத் தாராகஞ்சில் மனநிலை சரியில்லாமல் இருந்தார். யாராவது போர்வை கொடுத்தால் வழியில் கண்டவருக்குக் கொடுத்துவிட்டு வருவார் என்று கதைகள் நிறைய. 1961 அக்டோபர் 15-ல் இறந்தார். 22 வயதில் பட்டதற்கும் 50 வயதில் வந்ததற்கும் கோடு போட நான் டாக்டர் இல்லை. ஆனால் ஆறு பிள்ளைகளைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அந்தப் பையனைப் பார்த்து அன்றைக்கும் யாராவது, லோஹா ஹை என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

1918-க்கும் 2020-க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்றைக்குச் செத்தவர்கள் இளவயதுக்காரர்கள். இந்தத் தடவை பெரியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்றார்கள், அது சரியும்கூட. ஆனால் அதனாலேயே பிள்ளைகளைப் பார்த்து, உனக்கென்னடா கஷ்டம், ரூமில் உட்கார்ந்து போனைத்தானே பார்க்கிறாய் என்று கேட்டுவிட்டோம். என் மகள் 2020-ல் கல்லூரி முதல் வருடம். கல்லூரி வாசலை ஒழுங்காகப் பார்க்காமலே ஒரு வருடம் போனது. ஆறு மாதம் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு படித்தாள். சோம்பேறித்தனம் என்று திட்டினேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் வெளியிடும் கணக்கில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 2019-ல் 10,335 பேர், 2020-ல் 12,526, 2021-ல் 13,089. எல்லாமே கொரோனாவால் என்று யாரும் சொல்ல முடியாது, பரீட்சை, குடும்பம், காதல் என்று காரணம் பல. ஆனாலும் கணக்குப் பார்க்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஒரே வருடத்தில் 2,191 கூடினால் எந்த ஆடிட்டரும் பென்சிலால் சுழித்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவார்.

ஊரில் இருந்தால் ஒரு அத்தையோ, பெரியப்பா மகனோ, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். இரண்டு பெட்ரூம் வீட்டில் நான்கு பேராக வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு அது கிடையாது. இதைச் சொன்னால் தங்கமணி, "ஊர்ல அத்தை கண்ணுல பட்டா ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்கிறாள். அதுவும் உண்மைதான்.

2022 மார்ச், இரண்டாவது சனிக்கிழமை. நான், தம்பி, கார்டு மூன்று பேரும் காரில் டல்மவ் போனோம். ரேபரேலி வழியாக மூன்று மணி நேரம். கோட்டை இடிபாடு, படித்துறைகள், எருமைகள், வெயில். மேட்டுக்கு ஒரு பள்ளிக்கூடப் பையன் வழி காட்டினான். கங்கை அப்போது கொஞ்சம் வற்றி, மணல் திட்டு தெரிந்தது. கார்டு வழக்கம்போலக் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். தம்பி அங்கே அம்மாவைப் பற்றிப் பேசினான். ரேஷன் கடை வரிசையில் அவர் போட்ட சண்டை, இவன் பேங்க் பரீட்சையில் முதல் தடவை தோற்றபோது யாருக்கும் தெரியாமல் புரோட்டா வாங்கிக் கொடுத்தது என்று என்னென்னவோ. கார்டுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் தாங்காமல் நான்தான் முதலில் எழுந்தேன்.

அந்த வருடமே தம்பிக்குத் தெற்கே மாற்றல் கிடைத்தது. அப்பாவும் தங்கச்சியும் இருக்கிற ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். மாத்திரையை டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தியாயிற்று. மே மாதம் வந்தால் மட்டும் கொஞ்சம் சிரமம் என்கிறான், அப்போது முன்கூட்டியே லீவு போட்டுக்கொள்கிறான். கார்டு ரிடையராகி கிராமத்தில் கோதுமை பார்க்கிறார். இரண்டு பேரும் இப்போதும் போனில் பேசுகிறார்கள், என்ன மொழியில் என்று தெரியவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்றதும் தம்பி ஒன்றே ஒன்று கேட்டான். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் என்கிற இலவச மனநல உதவி எண்ணைப் போடச் சொன்னான். 14416. எந்த ஊரில் இருந்தும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுகிறார்கள். "எனக்கு அப்ப இது இல்ல சார். இருந்திருந்தாலும் நானா கூப்பிட்டிருப்பேனான்னு தெரியல. பக்கத்துல இருக்கறவங்க போட்டுக் குடுத்தா பேசிருப்பேன்" என்றான்.